விளிம்பில் கரி

அத்தியாயம் 6

கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் அசையாமல் நின்றது. அதில் மிதந்த அளவுக் குச்சியைக் குனிந்து பார்த்த பங்க் சூப்பர்வைசர் அடர்த்தி எண்ணைச் சொன்னார். சரியான எண். மூன்று முறையும் அதே எண்.

"போதுமா சார்? இதுல கலப்படம் இருந்தா என் மீசையை எடுத்துடறேன்."

"உங்களுக்கு மீசையே இல்லையே" என்றார் கிளட்ச்.

"அதான் தைரியமா சொல்றேன்."

கிளட்ச் அவரை மரியாதையுடன் பார்த்தார். தன் ஆயுதமான நக்கலைப் பிறர் கையில் பார்ப்பது அவருக்கு அரிது.

துப்பறியும் தொழிலில் கிளட்ச் என் உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது, ஆறடி உயரம். இருபது வருடம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிழைத்தவர். இன்றும் யார் வண்டி ஓட்டினாலும் அவர் இடது கால் தானாகத் தரையை மிதிக்கும். பெயர் வந்த வழி அதுதான். என்னைவிட இருபது வயது பெரியவர். சம்பளம் நான் கொடுக்கிறேன். அறிவுரை அவர் கொடுக்கிறார்.

சூப்பர்வைசர் வடிதாளில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு ஆவியானது. கறை இல்லை. மண்ணெண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை. இருந்த ஒரே துப்பும் இல்லை.

மணி ஒன்றே கால். நான்கு மணிக்கு ஓர் இழுவை வண்டி வரும். அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

மூன்று நாட்களுக்கு முன் ஒரு பந்தயக் காரின் இன்ஜின் ஓட்டத்திலேயே செத்தது. கட்டியவரைத் தெருவே இன்ஜின் அக்கா என்று அழைக்கிறது. சோதனைக்கு ஓட்டியதும் அவர்தான். இப்போது வலது கையில் முழங்கை வரை கட்டு.

அந்தப் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. எல்லாக் காருக்கும் இந்த பங்கில், ஸ்கூட்டர்காரர் போடும் அதே பெட்ரோலைத்தான் போட வேண்டும். சாதாரண பெட்ரோலுக்குப் பத்துப் பங்கு காற்றை ஒரு பங்காக நசுக்குவதே அதிகம் என்பார்கள் மெக்கானிக்குகள். அக்கா பன்னிரண்டு பங்கை நசுக்கும் இன்ஜின் கட்டினார். எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு சக்தி. பெட்ரோல் தாங்காவிட்டால் இன்ஜின் இல்லை.

காரின் சொந்தக்காரரிடம் இன்னும் ஐந்து கார் இருக்கிறது. நான்கு மணிக்கு இதை வேறு பட்டறைக்கு இழுத்துப் போகப்போகிறார். பட்டறை வாசலை இந்தக் கார் தாண்டினால், அக்கா போட்டது தப்புக் கணக்கு என்று ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு அவரை நம்பி யாரும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூட மாற்ற மாட்டார்கள்.

எங்களை அமர்த்தியவர் அக்காவின் கணவர். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஸ்பேர் பார்ட்ஸ் கடை. "பெட்ரோல்தான் சார் காரணம். கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார். மூன்று நாளாக அதையேதான் சொல்கிறார்.

காரில் ஏறினோம். கிளட்சின் முழங்கால்கள் டாஷ்போர்டில் முட்டின.

"தம்பி, இந்த சீட்டை நாலு இஞ்ச் பின்னால தள்ளினா என்ன? என் முட்டியும் தாடையும் சம்பந்தி ஆயிடும் போலிருக்கு."

"லிவர் உடைஞ்சிருக்கு."

"ஒரு வருஷமா உடைஞ்சிருக்கு."

"சரி பண்ணணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இருக்கையை அந்த அளவில் வைத்தவள் என் மனைவி. ஐந்தடி உயரம். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. கிளட்சுக்கு இது தெரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

"பெட்ரோல் சுத்தம்" என்றேன். "அப்போ கடைக்காரர் எதை வெச்சு அவ்வளவு உறுதியாச் சொல்றாரு?"

"பொண்டாட்டி மேல நம்பிக்கை."

"கட்டினவங்களுக்கே தன் கணக்கு மேல சந்தேகம் இருக்கு. நட்டு போல்ட்டு விக்கறவருக்குத் துளிகூட இல்லை."

"கல்யாணமான புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"கல்யாணமாகி பதினெட்டு வருஷம்."

கிளட்ச் யோசித்தார். "அப்போ சந்தேகப்படணும்தான்."

பட்டறையில் எண்ணெய் வாடையும் ஃபினாயில் வாடையும் கலந்திருந்தன. சிமெண்டுத் தரை பெருக்கித் துடைக்கப்பட்டிருந்தது. கார் நடுவில் நின்றது, பானட் இல்லாமல். கோடியில், ஜன்னலுக்குக் கீழே நீள மேசை. இன்ஜினைக் கழற்றி அதன் மேல் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். அக்கா அதற்கு முதுகைக் காட்டி, வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தார். இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். எண்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

"பங்க்ல என்ன சொன்னாங்க?"

"சுத்தம்."

தலையசைத்தார். முகத்தில் வியப்பு இல்லை. "அப்போ நான்தான்."

"கணக்கு தப்பா இருந்துச்சா?"

"பதினோரு தடவை போட்டுப் பாத்துட்டேன். தப்பு அகப்படல. அப்போ கைதான் தப்பு." கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "டெஸ்ட் அன்னிக்கு வண்டி சோம்பலா இருந்துச்சு சார். மிதிச்சா எழுந்திரிக்கவே இல்ல. அதனால ஸ்பார்க் விழற நேரத்தை ரெண்டு டிகிரி முன்னாடி தள்ளி வெச்சேன். நாலாவது ரவுண்டுல உள்ள கிணிகிணின்னு சத்தம். காலை எடுக்கறதுக்குள்ள பிஸ்டன்ல ஓட்டை. கொதிக்கிற எண்ணெய் தெறிச்சுத் தீப்பிடிச்சு, அணைக்கப் போன கை வெந்து போச்சு."

"பன்னெண்டு கம்ப்ரஷன் இன்ஜின் சோம்பலா இருக்குமா?"

"இருக்கக் கூடாது."

"அப்புறம் ஏன் இருந்துச்சு?"

"அதைத்தான் மூணு நாளா இந்த நோட்டைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"நோட்டு பதில் சொல்லாதுக்கா" என்றார் கிளட்ச். "நான் பத்தாவதுல நிறைய கேட்டுப் பாத்திருக்கேன்."

அக்கா சிரிக்க முயன்றார். பாதியில் விட்டுவிட்டார்.

மேசையில் பேனாக்கள் செருகியிருந்த பாத்திரம் ஒரு பழைய பிஸ்டன். தலைகீழாக நிற்க வைத்திருந்தார். உள்கூடு பேனாவுக்குத் தோதாக இருந்தது.

"இது எதோடது?"

"என் சொந்தக் காரோடது. முதல்ல அதுலதான் பன்னெண்டு கட்டிப் பாத்தேன். இதே அளவு, இதே பங்க் பெட்ரோல். ஒரு வருஷம் காய்கறி மார்க்கெட்டுக்கும் அதுலதான் போனேன், மலைப்பாதைக்கும் அதுலதான் போனேன். ஒரு முனகல் கிடையாது. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கக் கழட்டினதுதான் இது."

பேனாக்களை எடுத்து வைத்துவிட்டு பிஸ்டனைத் திருப்பினேன். மேல் தட்டின் நடுவில் கரி படிந்திருந்தது. ஓரத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்குக் கரியே இல்லை. யாரோ தேய்த்துக் கழுவியது போல வெள்ளை உலோகம் பளபளத்தது.

"இதைத் துடைச்சீங்களா?"

"இல்ல. அது அப்படித்தான் வரும். அதுலதான் சூட்சுமமே இருக்கு." முதல் முறையாக அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "கையைத் தட்டுங்க."

நான் தட்டவில்லை. கிளட்ச் தட்டினார்.

"முகத்துக்கிட்ட வெச்சுத் தட்டுங்கண்ணே. காத்து அடிக்குதா? ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல இருந்த காத்து பிதுங்கி வெளிய வருது. இதுவும் அப்படித்தான். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதோட ஓரத்துக்கும் மேல மூடியா இருக்கிற ஹெட்டுக்கும் ஒரு மில்லிகூட இடைவெளி விட மாட்டேன். ஓரத்துல இருக்கற பெட்ரோல் காத்து மொத்தமும் பிதுங்கி நடுவுக்கு ஓடிடும். ஸ்பார்க் இருக்கறதும் நடுவுல. சட்டுனு எரிஞ்சு முடிஞ்சுடும். ஓரத்துல ஒதுங்கி நின்னு தானா பத்திக்கறதுக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது."

"தானா பத்திக்கிட்டா?"

"அதுதான் அந்தக் கிணிகிணி. உள்ள சுத்தியலால அடிக்கற மாதிரி. பிஸ்டன் தாங்காது."

"ஆக, ஓரம் சுத்தமா இருந்தா இடைவெளி சரியா இருக்குன்னு அர்த்தம்."

"ஆமா."

பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலடி மேசைக்குப் போனேன். கிளட்ச் பின்னால் வந்தார். அக்கா திரும்பவில்லை. "அந்தப் பக்கம் என்னால பாக்க முடியல சார்" என்றார் நோட்டைப் பார்த்தபடி.

நான்கு பிஸ்டன்கள். ஒன்றில் ஓட்டை. ஓட்டையை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தேன். நான்கும் விளிம்பு வரை கறுப்பு. அடுப்பில் கிடந்த கரண்டி போல.

கிளட்ச் பழையதையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு குளிச்சிருக்கு. நாலு குளிக்கவே இல்ல."

"இதுல என்னண்ணே இல்லை?"

"எதுல?"

"மேசையில."

அவர் விரல் வைத்து எண்ணினார். ஹெட், போல்ட்டுகள், வால்வுகள், ஸ்பிரிங்குகள், ரிங்குகள், ஓர் எண்ணெய்க் குழாய். ஒவ்வொன்றும் துடைத்து, வரிசையாக, ஒட்டுச் சீட்டில் எண் போட்டு. கழற்றியவருக்குப் பொறுமை அதிகம். இவ்வளவு பொறுமைசாலி ஒன்றே ஒன்றை மட்டும் வைக்க மறந்திருக்கிறார்.

"ஹெட் கேஸ்கட்" என்றார் கிளட்ச்.

ஹெட்டுக்கும், கீழே பிஸ்டன்கள் ஓடும் பிளாக்குக்கும் நடுவில் வைத்து இறுக்கும் தகடு. அது எவ்வளவு தடிமனோ, பிஸ்டனுக்கு மேலே அவ்வளவு இடைவெளி.

"அக்கா, இதைக் கழட்டினது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்தான். என் கைதான் இப்படி இருக்கே."

"டெஸ்டுக்கு முன்னாடி நீங்க இல்லாம பட்டறை பூட்டிக் கிடந்துச்சா?"

"ரெண்டு நாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு. ஏன் சார்?"

"சும்மா."

அவர் மறுபடி நோட்டுக்குள் போய்விட்டார். பன்னிரண்டாவது தடவை.

கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் கவுன்டருக்குப் பின்னால் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த உருவம். சட்டைப் பையில் மூன்று பேனா. சுவரில் ஆணிகளில் கேஸ்கட்டுகள் தொங்கின.

"என்ன சார், பங்க்காரன் ஒத்துக்கிட்டானா?"

"பெட்ரோல் சுத்தமா இருக்கு."

"இருக்கவே முடியாது சார்." குரல் உயர்ந்தது. "வேற காரணமே இல்ல. அவ தப்புப் பண்ணல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அவங்களுக்கே தெரியல."

அவர் துடைத்த டப்பாவையே மறுபடி துடைத்தார்.

"அந்த இன்ஜினுக்கு ஹெட் கேஸ்கட் எந்தெந்த தடிமன்ல வரும்?" என்றேன்.

துடைப்பது நின்றது.

கிளட்ச் கவுன்டரில் முழங்கையை ஊன்றி, வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டு நின்றார். வெளியே ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"மாத்தினேன்" என்றார் கடைக்காரர். "தடிமனா ஒண்ணைப் போட்டேன். அவ ஊர்ல இல்லாத ரெண்டு நாள்ல. பன்னெண்டா இருந்தது பத்தே முக்காலுக்கு வந்துடுச்சு. பத்தே முக்காலை இந்த பெட்ரோல் தாராளமா தாங்கும் சார். அப்படியும் வெடிச்சதுன்னா பெட்ரோல்தானே காரணம்? வேற என்ன இருக்கு?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு முன்னால் வைத்துத் தட்டினேன். பிறகு கைகள் ஒட்டாமல், நடுவில் இடம் விட்டு நிறுத்தினேன்.

"இடைவெளி கூடிடுச்சு. ஓரத்துல இருந்தது நடுவுக்குப் பிதுங்கல. அங்கேயே தங்கித் தானா பத்திக்கிச்சு. கம்ப்ரஷன் குறைஞ்சதால வண்டி சோம்பலாச்சு. ஏன்னு தெரியாம அவங்க ஸ்பார்க்கை முன்னாடி தள்ளினாங்க. ரெண்டும் சேர்ந்துதான் பிஸ்டன்ல ஓட்டை போட்டுது. நீங்க மாத்தாம இருந்திருந்தா ஓடியிருக்கும்."

கடைக்காரர் பின்னால் இருந்த அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கியது. அவர் கவனிக்கவில்லை.

"கவுன்டருக்கு வர்றவன் எல்லாம் ஒரே பேச்சு சார். பன்னெண்டா, பங்க் பெட்ரோல்லயா, வீட்டம்மா மேல இன்ஷூரன்ஸ் போட்டாச்சான்னு. சிரிச்சுக்கிட்டே வாஷர் எடுத்துக் குடுப்பேன். அவ ஓட்டும்போது ரோட்டோரத்துல தீயணைக்கற சிலிண்டரோட நிக்கறது நான். ஒவ்வொரு ரவுண்டுக்கும் அவ திரும்பி வர்ற வரைக்கும் மூச்சு விட மாட்டேன். உங்களுக்கு அது புரியாது."

கிளட்ச் தரையைப் பார்த்தார்.

"கேஸ்கட் எங்கே?"

"இங்கதான் இருக்கு. அவ பாத்தா கண்டுபிடிச்சுடுவான்னு எடுத்து வெச்சேன்." தலை நிமிர்ந்தார். "சார், பெட்ரோல்னே இருக்கட்டுமே. அவளுக்கும் நிம்மதி."

"அவங்க நம்ப மாட்டாங்க. தன் கைதான் தப்புன்னு ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. இனிமே பன்னெண்டு பக்கமே போக மாட்டாங்க."

"அது நல்லது..." என்று ஆரம்பித்தார். தான் சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

மணி நான்காகப் பத்து நிமிடம்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தோம்.

"நம்மளைக் கூப்பிட்டவரே குத்தவாளி" என்றார் கிளட்ச். "தொழில் உருப்பட்ட மாதிரிதான்."

இழுவை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. சொந்தக்காரர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, கையில் கார் சாவி. அக்காவின் கட்டைப் பார்த்து, "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை. டிரைவரிடம் கொக்கியை மாட்டச் சொன்னார்.

அக்கா எழுந்து ஓரமாக நின்றார். தடுக்கவில்லை.

நான் வாயைத் திறக்கும் முன் கடைக்காரர் உள்ளே வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் நோட்டின் மேல் வைத்தார்.

"என்ன இது?"

"பிரிச்சுப் பாரு."

அவர் பிரித்தார். கரி பிடித்த தகடு. வேறு யாரும் அதில் ஒன்றும் பார்த்திருக்க மாட்டார்கள். அக்கா இடது கையால் மேசை டிராயரைத் திறந்து, தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்தார். பழக்கமில்லாத கை. இரண்டு தடவை நழுவியது. கடைக்காரர் தகட்டைப் பிடித்துக்கொள்ள வந்தார். "விடுங்க" என்றார் அக்கா. தகட்டைக் கட்டுப்போட்ட முழங்கையால் அமுக்கிக்கொண்டு அளந்தார்.

"ஒண்ணே முக்கால் மில்லி."

அளவை இன்னொரு தடவை பார்த்தார்.

"நான் போட்டது முக்கால்."

"நான்தான் மாத்தினேன்" என்றார் கடைக்காரர். "உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

அக்கா விறுவிறுவென்று ஜன்னலடி மேசைக்குப் போனார். மூன்று நாளில் முதல் முறை. ஒரு பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தேய்த்தார். விரல் கறுப்பானது. அந்த விரலையே வெகுநேரம் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருக்க மாட்டே."

"சொல்லியிருக்க மாட்டேன்தான். ஏன்னு சொல்லியிருப்பேன். கையைத் தட்டிக் காட்டியிருப்பேன்." குரல் உடைந்தது. உடனே சேர்ந்துகொண்டது. "மூணு நாளா இதே நோட்டு. பக்கத்துல உக்காந்து நீங்கதான் ஊட்டி விட்டீங்க. அப்பக்கூட சொல்லல."

கடைக்காரர் பிரித்த செய்தித்தாளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். சங்கடமாக இருமினார். "அம்மா, இது உங்க குடும்ப விஷயம். நான் வண்டியை..."

"குடும்ப விஷயம் இல்லைங்க, கேஸ்கட் விஷயம்." அக்கா திரும்பினார். "கொக்கியைக் கழட்டச் சொல்லுங்க. புது பிஸ்டன் போட்டு, என் கேஸ்கட்டைப் போட்டு, இதே பங்க்ல பெட்ரோல் ரொப்பி இருபது ரவுண்டு ஓட்டிக் காட்டறேன். ஓடலைன்னா நானே தள்ளிக்கிட்டு வந்து அந்தப் பட்டறையில விட்டுட்டுப் போறேன்."

"ஓடும்னே வெச்சுக்குவோம். மறுபடியும் உள்ள பூந்து யாராவது மாத்தினா?"

"மாத்த மாட்டாரு."

"எப்படி நம்பறது?"

"டெஸ்ட் அன்னிக்கு என் பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பாரு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "நானா?"

"ரோட்டோரம் நின்னு பயந்தது போதும். உள்ள உக்காந்து பயப்படுங்க."

"பந்தயக் கார்ல பக்கத்து சீட்டே கிடையாதேம்மா" என்றார் சொந்தக்காரர்.

"நாலு போல்ட்டு. கடையில இருக்கும்." கணவரைப் பார்த்தார். "இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர். தலையையும் ஆட்டிக் காட்டினார்.

சொந்தக்காரர் கொஞ்ச நேரம் காரைப் பார்த்தார். பிறகு அக்காவின் விரலில் இருந்த கரியை. டிரைவரிடம் கையைக் காட்டினார். கொக்கி சங்கிலியோடு தரையில் விழுந்தது.

நாங்கள் கிளம்பும்போது அக்கா நோட்டை மூடி டிராயரில் போட்டுவிட்டு, பேனாக்களைப் பழைய பிஸ்டனில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். கணவர் இரண்டடி தள்ளி நின்றார். கிட்டே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

காரில் ஏறினோம். கிளட்சின் முட்டிகள் டாஷ்போர்டில் முட்டின. அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த வாரத்துக்கு ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

நான் சாவியைத் திருப்பவில்லை. சோர்வாக இருந்தது. பதினான்கு மாதமாக இருக்கும் அதே சோர்வு.

குனிந்தேன். பக்கத்து இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். லிவர் கையில் தட்டுப்பட்டது. இழுத்தேன். ஒரு கிறீச் சத்தத்துடன் இருக்கை பின்னால் நகர்ந்தது. நாலு இஞ்ச். பிறகு இன்னும் இரண்டு.

லிவர் நன்றாக இருக்கிறதே என்று கிளட்ச் சொல்லவில்லை. கால்களை மெல்ல நீட்டினார். நேராக ரோட்டைப் பார்த்தார்.

"போலாம் தம்பி" என்றார்.

அவர் இடது கால் தரையை அழுத்தி மிதித்தது. நான் கியர் போட்டேன்.